காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: இசிஎம் மாற்றும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவை

கம்ப்யூட்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சிபியு பெட்டி. ஆனால் இவை எதுவும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் உங்கள் வீட்டு வாசலில் நின்று கொண்டிருக்கலாம். அது உங்கள் காருக்குள் இருக்கிறது. ஒரு புத்தகம் அளவுள்ள அலுமினியப் பெட்டி. அதிலிருந்து தடிமனான ஒயர் கட்டு ஒன்று வெளியே வரும். இதன் பெயர் இன்ஜின் கண்ட்ரோல் மாட்யூல். சுருக்கமாக இசிஎம். சிலர் இசியு என்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் "கம்ப்யூட்டர் பாக்ஸ்" என்றே சொல்வார்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் கெட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் பவர் கார்டைப் பார்க்கிறோம். பிறகு எஸ்எம்பிஎஸ், அதன் பிறகு ராம். மதர்போர்டை மாற்றுவது கடைசி வேலை. காரில் மட்டும் பல நேரங்களில் இந்த வரிசை தலைகீழாகி விடுகிறது. "கம்ப்யூட்டர் போயிருச்சு, மாத்தணும்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லி விடுகிறார்கள். இந்தப் பாடத்தில் இசிஎம் என்ன செய்கிறது, அது உண்மையிலேயே கெட்டு விட்டதா என்று எப்படிச் சோதிப்பது, கெட்டிருந்தால் எப்படி மாற்றுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

உச்சிப்புளியில் நடந்தது

2023 டிசம்பரில் நடந்ததை முதலில் சொல்லி விடுகிறேன். என் மைத்துனர் உச்சிப்புளியில் இருக்கிறார். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். அவரிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. மழை விட்ட ஒரு காலையில் சாவியைத் திருப்பினார். செல்ஃப் எடுத்தது. இன்ஜின் பிடிக்கவில்லை. சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் எரிய வேண்டிய 'செக் இன்ஜின்' விளக்கும் எரியவில்லை.

காரைக் கட்டி இழுத்துக் கொண்டு நகரத்தில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஸ்கேனரை மாட்டிப் பார்த்து விட்டு, "இசிஎம்மோடு தொடர்பே கிடைக்கவில்லை, அது போய் விட்டது" என்றார்கள். புதியதின் விலையைக் கேட்டு மைத்துனருக்கு மயக்கம் வராத குறை. பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் சொல்லி வைத்து, 12,000 ரூபாய்க்கு ஒரு பழைய இசிஎம் வாங்கிக் கொடுத்தார். மாட்டினார்கள். அதே கதை. "நீங்கள் வாங்கி வந்ததும் கெட்டது, வேறு ஒன்று வாங்கி வாருங்கள்" என்றார்கள்.

அவர் காரைத் திரும்ப ஊருக்கே கொண்டு வந்து விட்டார். எங்களுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருக்கிறார். அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. ஒரு இண்டிகேட்டர் பல்பும் இரண்டு ஒயரும் மட்டும் எடுத்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் செத்துப் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அதுக்குச் சோறு போகுதான்னு பாக்கணும்ல?" என்றார்.

சோதித்ததில் இசிஎம்முக்குப் போகும் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் போல்ட் முழுக்கப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து முறுக்கினார். வாங்கி வந்த பழைய இசிஎம் மாட்டியபடியே இருந்தது. இன்ஜின் பிடித்தது; ஒரே விநாடியில் நின்றது. மீட்டரில் சாவிப் படம் மின்னியது. காரின் சொந்த இசிஎம்மைத் திரும்ப மாட்டினார். உடனே ஸ்டார்ட் ஆகி நின்று ஓடியது. 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டி இன்றும் அவர் அலமாரியில் இருக்கிறது.

இந்த ஒரு சம்பவத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன. எர்த் சரியில்லை என்றால் நல்ல இசிஎம்மும் செத்தது போலக் கிடக்கும். நல்ல இசிஎம்மாகவே இருந்தாலும் வேறு காருடையது என்றால் உங்கள் காரை ஓட விடாது. இரண்டையும் விளக்கமாகப் பார்ப்போம்.

இசிஎம் என்ன வேலை செய்கிறது?

பழைய அம்பாசடர், ஆரம்பகால மாருதி 800 ஆகியவற்றில் பெட்ரோலைக் காற்றோடு கலக்க கார்புரேட்டர் இருந்தது. அது முழுக்க மெக்கானிக்கல் பொருள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது அந்தத் துல்லியம் போதவில்லை. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த விதிகளால் எம்பிஎஃப்ஐ என்ற பெட்ரோல் தெளிப்பு முறை சாதாரணக் கார்களுக்கும் வந்தது. அதோடு கம்ப்யூட்டரும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்ததால், இன்று புதிதாக வரும் பெரும்பாலான பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும்கூட ஒரு சிறிய கம்ப்யூட்டர் உண்டு.

வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் இது எளிதில் புரியும்.

இன்புட்: கீபோர்டு, மவுசுக்குப் பதிலாக சென்சார்கள். கிராங்க் சென்சார் இன்ஜின் எந்த வேகத்தில், எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்லும். காற்றின் அளவு, தண்ணீரின் சூடு, ஆக்ஸிலேட்டர் மிதிக்கும் அளவு, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜன் ஆகியவற்றுக்குத் தனித்தனி சென்சார்கள் உண்டு.

பிராசஸர்: மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிப். பிராசஸர், மெமரி, இன்புட்-அவுட்புட் எல்லாம் ஒரே சிப்பில் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்: கிடையாது. ஃபிளாஷ் மெமரியில் புரோகிராமும், எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணைகளும் பதிந்திருக்கும். நம் மதர்போர்டில் பயாஸ் இருப்பதைப் போல.

அவுட்புட்: மானிட்டர், பிரிண்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் ரிலே, ரேடியேட்டர் ஃபேன்.

இதன் வேகத்தை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்றால், விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தீப்பொறி வேண்டும். ஆக விநாடிக்கு 100 தீப்பொறி. ஒவ்வொன்றுக்கும் நேரத்தையும் பெட்ரோல் அளவையும் இசிஎம் முடிவு செய்ய வேண்டும். நம் கம்ப்யூட்டர் ஒரு விநாடி 'ஹேங்' ஆனால் நாம் பொறுத்துக் கொள்வோம். இது ஹேங் ஆனால் வண்டி நடு ரோட்டில் நிற்கும்.

கடற்கரை ஊரில் ஏன் கூடுதல் கவனம்?

உச்சிப்புளியின் வடக்கே பாக் நீரிணைப் பகுதி, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். கோடையில் தென்மேற்குக் காற்று ஒரு கடலின் உப்பைக் கொண்டு வரும். மழைக் காலத்தில் வடகிழக்குக் காற்று மறு கடலின் உப்பைக் கொண்டு வரும். பாம்பன் பாலத்தின் இரும்பைத் துருவிலிருந்து காப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது இப்பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய மண்டபம் முகாமில் தனி மையம் வைத்ததும் இந்தக் காற்றுக்காகத்தான்.

உப்புக் காற்றில் உள்ள ஈரம் ஒயர் முனையில் படிகிறது. அங்கே 12 வோல்ட் மின்சாரமும் இருந்தால் அரிப்பு வேகமாக நடக்கும். செம்பு பச்சையாகப் பூக்கும். இந்தப் பச்சைப் பொடி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உச்சிப்புளியில் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமான தளம் இருக்கிறது. கடல் மேல் பறந்து வரும் விமானங்களை நன்னீரால் கழுவுவது விமானத் துறையில் பொதுவான வழக்கம். நம் காருக்கும் அந்தக் கவனிப்பில் ஒரு பங்காவது வேண்டாமா?

இசிஎம் கெட்டதா? ஐந்து சோதனைகள்

இவற்றுக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், 21 வாட் இண்டிகேட்டர் பல்பும் போதும். மஞ்சள் நிற கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குடையவை. அவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

1. பேட்டரி: கார் ஓடாமல் இருக்கும்போது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். செல்ஃப் எடுக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் நம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவதைப் போலவே இசிஎம்மும் ரீசெட் ஆகும்.

2. பியூசும் மெயின் ரிலேயும்: இசிஎம்முக்கு எப்போதும் வரும் பவர் ஒன்று, சாவி ஆன் செய்தால் ரிலே வழியாக வரும் பவர் ஒன்று என இரண்டு உண்டு. பியூசைக் கண்ணால் பார்த்து விட்டு விடாதீர்கள். கழற்றி மல்டிமீட்டரில் சோதியுங்கள். ரிலேயின் கால்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்.

3. எர்த்: இதுதான் பாய் செய்த சோதனை. சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசிஎம் கனெக்டரைப் பிரியுங்கள். பிறகு நெகட்டிவை மீண்டும் மாட்டுங்கள். 21 வாட் பல்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறு முனையை ஒயர் கட்டின் பக்கம் உள்ள எர்த் ஒயரிலும் வையுங்கள். பல்ப் பிரகாசமாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் பாதையில் கோளாறு. அதே பல்பால் பவர் ஒயர்களையும் சோதிக்கலாம். அப்போது மறு முனையை நெகட்டிவில் வைக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருக்கும்போது பல்ப் எதற்கு? மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும். முடி அளவு தொடர்பு இருந்தால்கூட 12 வோல்ட் காட்டி விடும். 21 வாட் பல்ப் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் ஒயரின் பலம் தெரியும். ஆனால் பவர், எர்த் ஒயர்களில் மட்டும்தான் பல்ப் சோதனை. சென்சார் ஒயர்களில் வைத்தால் நல்லதையும் கெடுத்து விடுவீர்கள். எந்த ஒயர் எது என்பதை உங்கள் மாடலின் ஒயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

4. ஐந்து வோல்ட் லைன்: பல சென்சார்களுக்கு இசிஎம் 5 வோல்ட் தருகிறது. அவற்றில் ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் எல்லாவற்றின் 5 வோல்ட்டும் விழுந்து விடும். இசிஎம் கெட்டது போலவே தோன்றும். ஒவ்வொரு சென்சாராகக் கழற்றிக் கொண்டே வந்து, எதைக் கழற்றினால் 5 வோல்ட் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பென் டிரைவ் ஷார்ட் ஆகி கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போவதும், அதைப் பிடுங்கியதும் ஆன் ஆவதும் உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதே கதைதான்.

5. நெட்வொர்க் ஒயர்: புதிய கார்களில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச 'கேன்' என்ற நெட்வொர்க் உண்டு. 1986-ல் பாஷ் நிறுவனம் அறிமுகம் செய்தது. பேட்டரியைக் கழற்றி விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே ரெசிஸ்டன்ஸ் அளந்தால், பல கார்களில் 60 ஓம் அளவில் வர வேண்டும். லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதால் இந்தக் கணக்கு. 120 ஓம் காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் என்றால் ஷார்ட். நடுவில் கேட்வே உள்ள கார்களில் அளவு மாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் கோளாறு கோடு படிப்பது எப்படி?

அந்த 16 பின் சாக்கெட்டுக்கு ஓபிடி போர்ட் என்று பெயர். அமெரிக்காவில் 1996 முதல் ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவில் 2010 முதல் முதற்கட்டமும், 2013 முதல் இரண்டாம் கட்டமும் வந்தன. அதனால் 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் அநேகமாக இந்த முறை வேலை செய்யும்.

இஎல்எம்327 வகை அடாப்டர் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். யுஎஸ்பி வகை, புளூடூத் வகை இரண்டும் கிடைக்கின்றன. யுஎஸ்பி அடாப்டரை லேப்டாப்பில் இணைத்து டிரைவரை நிறுவுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' என்ற பகுதியில் எந்த காம் போர்ட் எண் வந்திருக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த ஹைப்பர்டெர்மினல், விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு வருவதில்லை. 'புட்டி' என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். அதில் சீரியல் என்பதைத் தேர்வு செய்து, காம் எண்ணையும் வேகம் 38400 என்றும் கொடுங்கள்.

சாவியை ஆன் செய்து, 'ஏடிஇசட்' என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டினால் அடாப்டர் தன் பெயரைச் சொல்லும். இப்போது 03 என்று டைப் செய்தால் இசிஎம்மில் பதிவான கோளாறு கோடுகள் வரும். இன்ஜின் ஓடும்போது 010சி என்று கொடுத்தால் சுற்று வேகம் வரும். உதாரணமாக 41 0சி 0டி 48 என்று பதில் வந்தால் கடைசி இரண்டும்தான் நமக்கு வேண்டியவை. இவை ஹெக்ஸாடெசிமல் எண்கள். 0டி என்பது 13, 48 என்பது 72. 13-ஐ 256-ஆல் பெருக்கி 72-ஐக் கூட்டினால் 3,400. அதை 4-ஆல் வகுத்தால் 850. இன்ஜின் நிமிடத்துக்கு 850 சுற்று ஓடுகிறது! இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மொபைல் ஆப்கள் உள்ளன. ஆனால் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். காரோடு பேசுவது போல இருக்கும்.

முக்கியமான சில கோடுகள்:

பி0562 - வோல்டேஜ் குறைவு. பேட்டரி, சார்ஜிங், எர்த் பாருங்கள்.
பி0335 - கிராங்க் சென்சார் சர்க்யூட்.
பி0601 - இசிஎம்மின் உள் மெமரியில் செக்சம் பிழை. பதிந்துள்ள புரோகிராம் சிதைந்திருக்கிறது.
பி0605 - உள் ரோம் பிழை.
பி0606 - பிராசஸர் கோளாறு.
யூ0100 - இசிஎம்மோடு தொடர்பு இல்லை.

பி0601, பி0605, பி0606 வந்தால்தான் இசிஎம் மீது நியாயமான சந்தேகம். அப்போதும் பவரும் எர்த்தும் சரி என்று பார்த்த பிறகே முடிவு. யூ0100 என்பதற்கு 'தொடர்பு இல்லை' என்று மட்டுமே பொருள். செத்து விட்டது என்று பொருள் இல்லை. போனை எடுக்காதவர் எல்லாம் ஊரை விட்டுப் போனவர் ஆகி விட மாட்டார்!

எதனால் கெட்டது என்று கண்டுபிடியுங்கள்

ஐந்து சோதனையும் தேறி, இசிஎம்தான் கெட்டது என்று உறுதியானால், உடனே புதியதை மாட்டி விடாதீர்கள். பழையது ஏன் கெட்டது? இக்னிஷன் காயில் அல்லது இன்ஜெக்டர் ஷார்ட் ஆகி இசிஎம்முக்குள் உள்ள டிரைவர் டிரான்சிஸ்டரை எரித்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் தந்திருக்கலாம். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்திருக்கலாம். தண்ணீர் புகுந்திருக்கலாம். காரணத்தைச் சரி செய்யாமல் மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும்.

எதை வாங்குவது?

புதியது: விலை அதிகம். ஆனால் உங்கள் காரின் புரோகிராமைப் பதிந்து சாவியோடு இணைத்துத் தருவார்கள், வாரண்டியும் உண்டு.

பழையது: பெட்டியின் மேல் உள்ள ஹார்ட்வேர் எண், சாஃப்ட்வேர் எண் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கனெக்டர் பொருந்துகிறது என்பது போதாது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பொருளாக இருந்தால் உங்களுக்குத்தான் தொல்லை.

ரிப்பேர்: சால்டர் விட்டது, கெப்பாசிட்டர் கசிந்தது, டிரைவர் டிரான்சிஸ்டர் எரிந்தது போன்றவற்றை இசிஎம் ரிப்பேர் தெரிந்தவர்கள் சரி செய்வார்கள். புரோகிராமும் சாவித் தகவலும் அதே பெட்டியில் இருப்பதால் மாட்டியதும் ஓடும். மெமரி மட்டும் நன்றாக இருந்தால், அதை இன்னொரு பெட்டிக்குக் காப்பி எடுக்கும் 'குளோனிங்' முறையும் உண்டு.

இம்மொபிலைசர்: காரின் பாஸ்வேர்டு

உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றி ஒரு ஆன்டெனா வளையம் உண்டு. சாவியைத் திருப்பியதும் காரின் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். சிப் சரியான பதில் தந்தால்தான் இன்ஜின் ஓட அனுமதி. பதில் தவறு என்றால் இன்ஜின் பிடித்து ஓரிரு விநாடியில் நிற்கும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. விண்டோஸ் ஆக்டிவேஷன் மதர்போர்டோடு சேர்ந்திருப்பதைப் போல, இந்த அனுமதி அந்தந்த இசிஎம்மோடு சேர்ந்தது. என் மைத்துனர் வாங்கிய பெட்டி நல்லதாக இருந்தும் ஒரு விநாடிக்கு மேல் ஓடாததற்குக் காரணம் இதுதான். அதற்குத் தெரிந்த சாவி வேறு யாருடைய பையிலோ இருந்திருக்கும்.

மாற்றும் முறை

1. காரின் 17 இலக்க சேசிஸ் எண், பழைய இசிஎம் மேல் உள்ள எல்லா எண்கள், கனெக்டர் நிலை ஆகியவற்றை மொபைலில் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

2. சாவியை ஆஃப் செய்து எடுத்து விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். சாவியை எடுத்த பிறகும் இசிஎம் சிறிது நேரம் விழித்திருந்து, கற்றுக் கொண்ட அளவுகளை மெமரியில் எழுதும். விண்டோஸில் ஷட்டவுன் முடியும் முன் பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்பது இங்கும் பொருந்தும்.

3. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

4. காரின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள ஸ்டேட்டிக் மின்சாரத்தைப் போக்குங்கள். ராம் மாற்றும்போது சொன்ன அதே எச்சரிக்கை. பின்களை விரலால் தொடாதீர்கள்.

5. கனெக்டரில் ஒரு லிவர் பூட்டு இருக்கும். அதை விடுவித்தால் தானாக வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள்.

6. வளைந்த பின், பச்சை, தண்ணீர்த் தடம் உள்ளதா என்று பாருங்கள். அழுக்கை காண்டாக்ட் கிளீனரால் கழுவிக் காய விடுங்கள். உப்புத் தாளால் பின்களைத் தேய்த்தால் மேல் பூச்சு போய் விடும்.

7. எர்த் போல்ட் எல்லாவற்றையும் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, முறுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசுங்கள்.

8. புதிய இசிஎம்மை மாட்டி, ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, லிவரைப் பூட்டி, நெகட்டிவை மாட்டுங்கள்.

9. புரோகிராம் பதிவது. இது அந்தக் கார் மாடலுக்கான கருவியும் அனுமதியும் உள்ளவர் செய்ய வேண்டியது. நீங்கள் அருகில் நின்று இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். கார் பேட்டரியோடு அதற்கான பவர் சப்ளை இணைத்திருக்கிறதா? லேப்டாப் சார்ஜரில் இருக்கிறதா, ஸ்லீப் மோடும் ஆட்டோ அப்டேட்டும் நிறுத்தப்பட்டுள்ளனவா? பயாஸ் அப்டேட் நடுவே கரண்ட் போனால் மதர்போர்டுக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்.

10. உங்களிடம் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டு போய் இம்மொபிலைசரில் பதியச் சொல்லுங்கள். ஒரு சாவியை வீட்டில் விட்டுப் போனால் அது வேலை செய்யாமல் போகலாம். டீசல் கார் என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் உள்ள கோடு எண்ணைப் புதிய இசிஎம்மில் ஏற்ற வேண்டியிருக்கும்.

11. திராட்டில் லேர்னிங் செய்து, கோடுகளை அழித்து, ஓட்டிப் பார்த்து, மீண்டும் கோடு படியுங்கள். முதல் சில நாள் ஐடிலிங் சிறிது ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். இசிஎம் உங்கள் இன்ஜினைப் புதிதாகக் கற்றுக் கொள்கிறது.

12. பழைய பெட்டியைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள்.

கேள்வி - பதில்

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் செக் இன்ஜின் விளக்கு அணைகிறதே, கோளாறு போய் விட்டதா?
இல்லை. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது போல, பதிவுதான் அழிந்தது. காரணம் இருந்தால் விளக்கு மீண்டும் எரியும். அழிக்கும் முன் கோடை எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

இன்ஜினை பிரஷர் வாஷ் செய்யலாமா?
இசிஎம், பியூஸ் பெட்டி, கனெக்டர்கள் மேல் நேரடியாகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. காரின் வெளிப் பகுதியையும் அடிப் பகுதியையும் நன்னீரால் கழுவுவது கடற்கரை ஊரில் மிக நல்லது.

ரீமேப் செய்தால் பவர் கூடும் என்கிறார்களே?
புகை அளவு மாறலாம், வாரண்டி போகலாம். தேவையில்லாமல் வேண்டாம்.

பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரில் மூன்று வேலைகள் செய்யுங்கள். சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா, இன்ஜின் ஓடியதும் அணைகிறதா என்று பாருங்கள். பேட்டரி நெகட்டிவ் ஒயர் பாடியில் சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓபிடி போர்ட் எங்கே இருக்கிறது என்று தேடிக் குறித்து வையுங்கள்.

அடுத்த முறை யாராவது "கம்ப்யூட்டர் போயிருச்சு" என்று சொன்னால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அதற்குச் சோறு போகிறதா என்று பார்த்தீர்களா?" பதில் சொல்லத் தடுமாறினால் பர்ஸைத் திறக்காதீர்கள்.